பின்னிருக்கைக்கு ஒரே ஓர் ஊசி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை; அது எப்போது நலமாக இருந்தது, விடு. உன் இரத்த அழுத்தம் எப்படி? உப்பைக் குறைத்தாயா, இல்லை குறைத்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொல்வதோடு சரியா?

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தூக்கினாள் என்று நினைப்பாய். இரண்டு அறை வீடு. போனில் என்ன பேசினாலும் உன் அத்தான் காதில் விழும். அவரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

லிப்ட் கம்பெனியில் அவருக்கு ஓய்வு கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் கதவுக் கீல், குழாய், என் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு முடித்துவிட்டார். இனி எனக்குத்தான் போட வேண்டும். போன வாரம் கடைத்தெருவுக்குப் போனவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் விமானம், நூற்றுக்கணக்கான துண்டுகளாக. விமானப்படையில் இருந்தபோது அவர் வேலை பார்த்த அதே இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். மேலே விமானச் சத்தம் கேட்டால் நாமெல்லாம் அண்ணாந்து பார்ப்போம், இவர் குனிந்து செருப்பைப் பார்ப்பார். படையை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "வந்துட்டேன், அவ்வளவுதான்" என்பார். அந்த மனிதர் இப்போது சாப்பாட்டு மேஜை முழுவதும் இறக்கையும் வாலுமாகப் பரப்பி வைத்திருக்கிறார். நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன். பரவாயில்லை, முகத்தில் களை இருக்கிறது.

ஒரே குறை, பெட்டியில் வந்த சீட்டு. "இது சீட்டா? சலூன் நாற்காலி!" என்று தூக்கிப் போட்டுவிட்டார். அங்கே அவர் பார்த்ததே சீட்டு வேலைதான். ஆபத்து வந்தால் ஆளை வெளியே தூக்கி எறியுமே, அந்தச் சீட்டு. நீதான் பல் செட் செய்த நேரம் போக விமானப் பைத்தியங்களுக்கு ரெசினில் சீட்டும் சக்கரமும் வார்த்துத் தருகிறாயே. வீட்டுப் பைத்தியத்துக்கு ஒரு ஜோடி செய்து அனுப்பேன்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 21

அன்பு அக்கா,

உன் கடிதம் வந்தது. நலம். உன் முழங்காலிடமும் தனியாக விசாரித்ததாகச் சொல். உப்பைப் பற்றிய கேள்விக்கு அடுத்த கடிதத்தில் பதில்.

அத்தான் விமானம் ஒட்டுகிறாரா! என் பெண்டாட்டியிடம் சொன்னேன். "நம்ம வீட்டு நாத்தம் அங்கேயும் போயிடுச்சா" என்றாள். ரெசின் நாற்றத்துக்கு இங்கே பின்கட்டு அறையோடு என்னை ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

சீட்டு செய்கிறேன். கடையில் வாங்கும் பெட்டியில் எல்லாம் வரும், ஆனால் ஒன்றும் உருப்படியாக வராது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு. பல் செதுக்கும் அதே கத்தியால் சீட்டைச் செதுக்கி, சிலிகோன் ரப்பரில் அச்செடுத்து, ரெசின் ஊற்றுவேன். முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பெரிய சைஸ்தான். தோள் பட்டையில் தையல்கூடத் தெரியும். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, உயரம். இந்தச் சீட்டு தண்டவாளத்தில் ஏறி இறங்கும், ஏழு படி. உட்காருகிற ஆளின் உயரத்துக்குத் தகுந்தபடி வைப்பார்கள். நான் எந்தப் படியில் வைக்கட்டும்?

இரண்டு, பூட்டு ஊசி. தரையில் நிற்கும்போது சீட்டு தப்பித்தவறி வெடித்துக் கிளம்பாமல் இருக்க, சீட்டுக்கு மூன்றாக ஆறு ஊசி செருகியிருப்பார்கள், சிவப்பு நாடாவோடு. பறக்கும் முன் ஆறையும் எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் சீட்டு வேலை செய்யாது. நிற்கிற விமானம் என்றால் ஆறும் வார்க்கிறேன். பறக்கிற விமானம் என்றால் ஒன்றும் வேண்டாம். அத்தானுக்குத் தெரியாததையா சொல்கிறேன்! உனக்காகத்தான் எழுதினேன்.

அன்புள்ள,
தம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். குளிர் விட்டுவிட்டது, முழங்கால் கொஞ்சம் மரியாதை கொடுக்கிறது. உப்புக்குப் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

உன் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். முன் சீட்டு மூன்றாம் படியாம். பின் சீட்டு ஏழாம் படி, கடைசி, மேலே. "எதுக்கு அவ்வளவு உயரம்?" என்று கேட்டேன். "அதுல முக்கால் உட்காருவான்" என்றார். யார் அந்த முக்கால் என்றால், படையிலேயே குள்ளமான ஆளாம். எல்லோரும் ஒரு ஆள் என்றால் அவன் முக்கால் ஆளாம். அவன் ஏறுவதற்கு முன்பே இவர் சீட்டைக் கடைசிப் படிக்கு ஏற்றி வைத்துவிடுவாராம். இல்லாவிட்டால் அவனுக்கு வெளியே ஒன்றுமே தெரியாதாம். சொல்லும்போது சிரித்தார். பல் தெரியச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

ஊசி விஷயம்தான் புரியவில்லை. ஆறும் வேண்டாமாம். ஒன்றே ஒன்று. பின் சீட்டில், தலைக்கு மேலே செருகுவது. மற்ற இடத்தில் ஒன்றும் கூடாதாம், சீட்டுகளுக்கு மேலே வரும் கண்ணாடி மூடி மூடியிருக்க வேண்டுமாம். "தம்பி ஆறுன்னு எழுதியிருக்கானே" என்றேன். "ஒண்ணுன்னு எழுது" என்று எழுந்து போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். அது ஒழுகவே இல்லை.

எழுதிவிட்டேன். நீ அவர் கேட்டபடி செய்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 1

அன்பு அக்கா,

எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தோடு ஒரு தீப்பெட்டி இருக்கும், கொட்டிவிடாதே. பஞ்சுக்குள் இரண்டு சீட்டும் ஓர் ஊசியும் இருக்கின்றன.

எத்தனையாவது வார்ப்பு தெரியுமா? பதினொன்று. சரியாகக் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு காற்றுக்குமிழி விழும், சீட்டின் தலையணையில் அம்மைத் தழும்பு மாதிரி. பல் லேபில் இருக்கும் அழுத்தப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதற்குள் அச்சை வைத்து ஊற்றிய பிறகுதான் குமிழி அடங்கியது. முதலாளி, "யாருக்குப் பல்லு இவ்வளவு அவசரம்?" என்றார். சொந்தக்காரருக்கு என்றேன். பொய்யில்லை.

அளவெல்லாம் அந்த விமானத்தின் பராமரிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். பழைய பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. ரெசின் இறுகும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், அது மட்டும்தான் வித்தியாசம்.

ஊசிக்கு மெல்லிய பித்தளைக் கம்பி, முனையில் வளையம், நாடாவுக்குச் சிகரெட் பெட்டித் தாளில் சிவப்பு வண்ணம். இடுக்கியில் பிடித்திருக்கும்போது தும்மினால் போச்சு. நான் தும்மினேன். இது இரண்டாவது ஊசி.

அத்தானிடம் சொல், ஓர் ஊசி மட்டும் வைத்து மூடியையும் மூடினால் பார்க்கிறவன் சிரிப்பான். அப்படி ஒரு விமானம் எங்கேயும் நிற்காது, பறக்கவும் கூடாது. அவர் சீட்டு, அவர் இஷ்டம்.

உன்,
தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

தீப்பெட்டி பத்திரமாக வந்தது. நானும் அவரும் நலம்.

அடேயப்பா, உனக்கு இப்படிக் கை இருக்கும் என்று எனக்குத் தெரியாதே! சின்ன வயதில் பென்சில் சீவச் சொன்னால் பாதிப் பென்சிலைக் காலி பண்ணுவாய். உன் அத்தான் சீட்டைக் கையில் வாங்கினார். பூதக்கண்ணாடி வைத்து, பட்டை, பிடி, குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மச்சான் ஒண்ணையும் விடலை" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து எனக்கே கிடைத்ததில்லை.

இனி சங்கடமான சேதி. கோபித்துக்கொள்ளாதே. சீட்டுகளை உள்ளே பொருத்தி, அந்த ஓர் ஊசியையும் செருகிவிட்டு மூடியை வைத்தால் உட்காரவில்லை. பின்பக்கம் ஒரு மில்லி தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஊசி இடிக்கிறது. அவர் எடுத்தெடுத்து வைத்துப் பார்த்தார். நேற்று முழுவதும் அதே வேலை. மூடியை இரண்டு தடவை கீழே போட்டுவிட்டார் என்றால் நம்புவாயா? இருபது மாடி லிப்டுக் குழியில் தொங்கிக்கொண்டு ஸ்குரூ முடுக்கிய கை.

"அளவு நிச்சயமா சரிதானான்னு மச்சானைக் கேளு. நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லு" என்றார். இரண்டு தடவை சொன்னார். கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 4

அன்பு அக்கா,

நலம். நலமாக இருந்தேன், உன் கடிதம் வரும்வரை.

என் அளவு சரியா என்று கேட்கிறாரா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூடி உட்காரவில்லை என்றால் அது பெட்டிக்காரன் குற்றமாக இருக்கலாம், ஒட்டியவர் குற்றமாக இருக்கலாம், என் சீட்டுத்தானா கிடைத்தது? பதினெட்டு வருடமாகப் பல் செய்கிறேன். ஒரு பல் உயரமாக இருந்தால் மெல்லும்போது ஆள் கத்துவான். என்னிடம் யாரும் கத்தியதில்லை.

சரி, அத்தானோடு என்ன வழக்கு. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை. புதிதாக ஒரு பின் சீட்டு அனுப்பியிருக்கிறேன். அளவைச் சரிபார்த்துத் திருத்தியாகிவிட்டது. இப்போது மூடி அழகாக மூடும். மூடாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

இதற்கு மேல் விசாரணை கூடாது என்று உத்தரவு.

உன்,
தம்பி

மே 12

அன்பு அக்கா,

நீ நலமா? அத்தான் நலமா? ஒரு மாதத்துக்கு மேலாகிறது, ஒரு வரி இல்லை. போன் செய்தால், "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிடுகிறாய். உன் குரலும் சரியில்லை.

அத்தான் கண்டுபிடித்துவிட்டார், அதுதானே? அந்த மனிதரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா. நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது சீட்டில் நான் எதையும் திருத்தவில்லை. புத்தகத்தை எடுத்துப் பார்க்கவும் இல்லை. கோபத்தில், மூடினால் போதும்தானே என்று, தலையணைக்கு மேலே ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கூடவே சுரண்டிவிட்டு வார்த்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். மூடி இடிக்கிறது என்று வாங்குகிறவன் புலம்பினால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இழைத்துக் கொடுத்துவிடுவோம். ஆனால் திருத்திவிட்டேன் என்று எழுதியது தப்பு. முதலில் அனுப்பியதுதான் சரியான சீட்டு. இரண்டாவது பொய்ச் சீட்டு.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஒரு மில்லிக்காகவா இத்தனை கோபம் என்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. உப்பைக் குறைத்துவிட்டேன், உண்மையாகவே.

உன்,
தம்பி

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, இருவருக்கும். மற்றதைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் இரண்டாவது சீட்டு வந்த அன்று ஊசியைச் செருகி மூடியை வைத்தார். மூடிக்கொண்டது. நான் கைதட்டினேன். அவர் எல்லாவற்றையும் பெட்டிக்குள் அள்ளிப் போட்டு அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தட்டில் போட்டதில் பாதியைத் தின்பார். லிப்ட் கம்பெனியிலிருந்து ஒரு நாள் வேலைக்குக் கூப்பிட்டபோதுகூட, "நான் தொட வேண்டாம், வேற ஆள அனுப்புங்க" என்றார். என்ன கேட்டாலும், "ஒண்ணுமில்ல". நான் உனக்கு என்னவென்று எழுதுவது?

நேற்று முன்தினம் உன் கடிதம் வந்தது. சுரண்டினேன் என்று நீ எழுதியதை, சிரிக்கட்டுமே என்று சத்தமாகப் படித்தேன். அவர் கடிதத்தைப் பிடுங்கித் தானே படித்தார். மூன்று தடவை படித்தார். பிறகு அடுப்படித் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

படையில் அவர் பார்த்துக்கொண்ட அந்த விமானம் ஒரு நாள் காலையில் கிளம்பிப் போய் விழுந்திருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருடம். முன்னால் இருந்தவர் சீட்டோடு வெளியே வந்து பிழைத்துக்கொண்டார். பின்னால் முக்கால். அவன் சீட்டு கிளம்பவில்லை. விமானத்தோடு எரிந்துபோனான். அன்று ஊசிகளை எடுத்தது உன் அத்தான்.

"அஞ்சு எடுத்தது கைக்கு ஞாபகம் இருக்கு. அந்தத் தலை ஊசி மட்டும் இல்ல. நான் கையை வைக்கிற நேரம் முக்கால் ஏதோ கிண்டல் பண்ணான், நான் சிரிச்சேன். சிரிச்சது ஞாபகம் இருக்கு. எடுத்தேனான்னு தெரியல."

எடுத்த ஊசிகளை விமானத்திலேயே இருக்கும் பையில் போட்டு, விமானிக்கு ஆறு விரல் காட்டுவது அவர்கள் வழக்கமாம். காட்டினாராம். எண்ணிக் காட்டினாரா, பழக்கத்தில் காட்டினாரா, தெரியாதாம். பையும் விமானத்தோடு போய்விட்டது. விசாரணையில், "எல்லாம் எடுத்தியா?" என்று கேட்டதற்கு, "எடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். காரணம் தெரியவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். இருபத்தேழு வருடம், தம்பி. என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இந்த மனிதர் அந்த ஓர் ஊசியை எடுக்க முயன்றுகொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, சொல்லாமல் இருந்ததற்கு அவரை நாலு சாத்து சாத்தலாம் என்றும் வந்தது.

அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவை கண்ணால் பார்க்கத்தான் இந்த விமானத்தை வாங்கினாராம். உன் முதல் சீட்டை வைத்து மூடி மூடாதபோது அவருக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. முக்கால் உட்காரும் உயரத்தில் ஊசி இருந்தால் மூடியே மூடாது என்றால், அன்று மூடி மூடியதே! அதனால்தான் அளவு சரியா என்று இரண்டு தடவை கேட்கச் சொன்னார். நீ திருத்தி அனுப்பிய சீட்டில் மூடி மூடியதும் அந்த நம்பிக்கை போய்விட்டது.

உன்னைத் திட்ட எழுதவில்லை. உனக்கு என்ன தெரியும். ஆனால் இப்போது கோபம், ரோஷம், கிண்டல் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அளந்து சொல். எது சரி? அவருக்கு இதமாக இருக்கட்டும் என்று எதையும் சொல்லாதே. மூடும் என்றால் மூடும் என்றே எழுது.

அக்கா

ஜூன் 20

அன்பு அக்கா,

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். முதலாளி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். ஒரு மில்லியைச் சுரண்டி அத்தான் தலையில் பாறையைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். என்னைக் கட்டிவைத்து உதைத்தாலும் தகும்.

உடனே பதில் எழுத எனக்குத் துணிவு வரவில்லை. முதல் சீட்டுத்தான் சரி என்று எழுத அரை நிமிடம் போதும். ஆனால் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. பெட்டியில் வரும் கண்ணாடி மூடி ஒரு மில்லி தடிமன். முப்பத்திரண்டால் பெருக்கினால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். நிஜ மூடி அதில் பாதிகூட இல்லை. ஆக, தடித்த மூடியால்கூட ஊசி இடித்திருக்கலாம். இதை மறைத்து எழுதினால் அது இரண்டாவது பொய்.

எனவே அதே விமானப் பெட்டி ஒன்றை இங்கே வாங்கி, மூடியையே புதிதாகச் செய்தேன். பல் நேராக்கியவர்களுக்குக் கண்ணாடி மாதிரி ஓர் உறை போடுவோம், பார்த்திருப்பாய். மெல்லிய தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி, பல் அச்சின் மேல் படிய வைக்கிற மெஷின் எங்களிடம் இருக்கிறது. பெட்டியில் வந்த கண்ணாடி மூடியின் வெளிப்புறத்தை அச்செடுத்து, பல் பிளாஸ்டரில் வார்த்து, தகட்டின் தடிமனுக்குச் சுற்றிலும் தேய்த்து, அதன்மேல் தகட்டை இழுத்தேன். நிஜத்தில் எவ்வளவு தடிமனோ, அளவில் அவ்வளவே வரும்படி. நாலு மூடி வீணாகி ஐந்தாவது தேறியது. சீட்டு, தண்டவாளம், ஊசி, மூடியின் வளைவு எல்லாவற்றையும் புத்தகத்தை வைத்துத் திரும்ப அளந்தேன். என் பெண்டாட்டி எண்களை வாசித்தாள், நான் அளந்தேன். பிறகு அவளை அளக்கச் சொல்லி நான் வாசித்தேன்.

அக்கா, மூடவில்லை. ஏழாம் படியில் சீட்டு, தலையில் ஊசி என்றால் மூடி அரை மில்லி தூக்கி நிற்கிறது. நிஜத்தில் அது ஒரு விரல் தடிமன். ரெசின் சுருங்கும் என்று சொன்னேனே, அதையும் சேர்த்தால் நிஜச் சீட்டு என் சீட்டைவிட ஒரு மயிரிழை உயரம். இடிப்பது இன்னும் கூடுமே தவிரக் குறையாது. ஆறாம் படிக்கு இறக்கினால் மூடிவிடுகிறது. அதையும் எழுதுகிறேன்.

இவ்வளவுதான் என் கையில் இருப்பது. ஆனால் இது தீப்பெட்டிக்குள் அடங்குகிற சாட்சி. நிஜ விமானம் எங்காவது நின்றால் அதில் பார்த்துவிடச் சொல். மூடியையும் முதல் சீட்டு மாதிரியே இன்னொன்றையும் அனுப்பியிருக்கிறேன். நீ நேரம் பார்த்து அவரிடம் கொடு.

உன்,
தம்பி

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எல்லோரும் நலம். இந்த வார்த்தையை இன்றைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

நேரம் பார்த்தெல்லாம் கொடுக்கவில்லை, வந்த நிமிடமே கொடுத்துவிட்டேன். படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார். மூன்று நாள் தெருமுனை வரை நடந்து நடந்து திரும்பினார். நாலாம் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நீயும் வா" என்றார். இரண்டு பஸ் மாறிப் போனோம். விமானப் பழுது வேலை கற்றுத்தரும் கல்லூரி ஒன்று. பின்பக்கக் கொட்டகையில் அந்த விமானம் நிற்கிறது, மாணவர்கள் கழற்றிப் பூட்டிப் பழக. அது அங்கே இருப்பது அவருக்குப் பல வருடமாகத் தெரியுமாம். அந்தத் தெரு வழியாகவே போக மாட்டாராம்.

அங்கிருந்த ஆசிரியர் நல்ல மனிதர். முன்னாள் சீட்டு மெக்கானிக் என்றதும் தானே ஏணியைக் கொண்டுவந்து வைத்தார். உன் அத்தான் ஏறினார். இருபத்தேழு வருடம் ஆனாலும் கை தானாக வேலை செய்தது. பின் சீட்டை நெம்புகோலால் ஒவ்வொரு படியாக ஏழுக்கு ஏற்றினார். பூட்டு ஊசியை வாங்கித் தலைக்கு மேலே செருகினார். நாடா ஆடிற்று. ஆசிரியரும் அவருமாக மூடியை இறக்கினார்கள்.

நின்றுவிட்டது, தம்பி. டக்கென்று ஊசியின் வளையத்தில் இடித்து நின்றுவிட்டது. "மேல வா" என்றார் என்னை. இந்த முழங்காலோடு அந்த ஏணியில் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. இடுக்கில் என் சுண்டுவிரலை விட்டேன். உள்ளே போயிற்று. திரும்பத் தூக்கி, திரும்ப இறக்கினார்கள். மூன்று தடவை. மூன்று தடவையும் என் விரல் போயிற்று.

"இது யாருக்கும் தெரியாதா?" என்று ஆசிரியரைக் கேட்டேன். "பார்க்க வேண்டிய வேலையே வராதேம்மா. நிக்கும்போது சீட்டைக் கீழ இறக்கி வெச்சுடுவோம், ஊசி இருந்தாலும் மூடிடும். பறக்கும்போது ஊசி இருக்காது" என்றார்.

உன் அத்தான் இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். "மூடி பூட்டலைன்னா முன்னால சிவப்பு விளக்கு எரியும், கிளப்பவே மாட்டாங்க. அன்னிக்கும் ஏழாம் படிதான், மூடி மூடினதும் நான்தான் கையால தட்டிப் பாத்தேன். முக்கால் உள்ளேருந்து திருப்பித் தட்டினான்" என்றார். பிறகு அழுதார். குழந்தை மாதிரி, சத்தமாக. நானும் அழுதேன். ஆசிரியர் பாவம், எங்கேயோ போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அவன் சீட்டு ஏன் கிளம்பலைன்னு இப்பவும் தெரியாது. ஆனா அது என் கை இல்ல" என்றார் பஸ்ஸில். இறங்கி நடக்கும்போது மேலே ஏதோ விமானம் போயிற்று. அண்ணாந்து பார்த்தபடியே போய்ச் சாக்கடைத் தண்ணீரில் காலை வைத்தார். புதுச் செருப்பு. வீட்டுக்கு வந்ததும் நானே கழுவி வைத்தேன்.

அவரே உனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். நம்பாதே, அவர் எழுத மாட்டார்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 15

மச்சானுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். உப்பைப் பற்றி உன் அக்கா கவலைப்படுகிறாள், கவனி.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிப்ட் வேலை முடிந்ததும் குறிப்பு எழுதுவேன், அப்படியே எழுதுகிறேன். பின் சீட்டு, முதல் வார்ப்பு, ஏழாம் படி: அளவு சரி. நீ செய்த மெல்லிய மூடி: அளவு சரி. இரண்டாவது சீட்டு: தூக்கிப் போடவில்லை, அலமாரியில் வைத்திருக்கிறேன். நீ மறைக்காமல் எழுதியதால்தான் எல்லாம் தெரிந்தது. அதனால் அதன்மேலும் எனக்குக் கோபமில்லை.

புதிதாக ஒரு வேலை இருக்கிறது. பின் சீட்டில் உட்கார ஓர் ஆள் வார்த்துத் தர வேண்டும். ஹெல்மெட்டோடு, வலது கையைத் தூக்கி மூடியை உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி. உயரம், மற்றவர்கள் உயரத்தில் முக்கால் பங்கு. கேட்டால் சண்டைக்கு வருவான், ஆனால் அதுதான் உண்மை. படம் ஒன்று வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். சிரிக்கிற முகம். குமிழி விழாமல் பார்த்துக்கொள்.

இந்தக் காகிதத்தின் அடியில் ஒட்டியிருப்பது உன் ஊசி. இனி எனக்கு வேண்டாம். இன்று காலை உன் அக்காவைப் பக்கத்தில் நிற்க வைத்து, இடுக்கியால் பின் சீட்டிலிருந்து எடுத்தேன். மூடியை வைத்தேன், மூடிக்கொண்டது. எடுத்தது கைக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்புடன்,
அத்தான்